எட்டின் தலைமறைவு: 12345679 குறித்து ஓர் ஆய்வு

12345679 என்ற எண்ணைப் பார்ப்பவர்கள் ஏழைத் தாண்டியதும் தடுக்கி விழுவார்கள். எட்டைக் காணோம்! அச்சுப்பிழை என்று திருத்தக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். எட்டு தொலையவில்லை, துரத்தப்படவும் இல்லை. ஒன்பதாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது என்பதே நம் துணிபு. 1-ஐ 81-ஆல் வகுத்துப் பார்த்தால் சான்று கிடைக்கும். தசமப் புள்ளிக்குப் பின் 0, 1, 2, 3 என்று இடத்துக்கு ஒருவராக எண்கள் வந்து அமர்கின்றன. 10 வரும்போதுதான் சிக்கல்: இரண்டு இலக்கக்காரருக்கு ஓர் இடம் போதாது. அது தன் 1-ஐ இடப்பக்கத்து 9-இன் தலையில் ஏற்றுகிறது. பத்தாகிப்போன 9, பூஜ்யத்தை வைத்துக்கொண்டு 1-ஐ எட்டிடம் தள்ளுகிறது. எட்டு ஒன்பதாகிவிடுகிறது. 012345679 என்ற இந்த வரிசையே பிறகு முடிவின்றித் திரும்ப வருகிறது.

எண்கணித சோதிடர்கள் இதை ஏற்கமாட்டார்கள். எட்டு சனிக்குரியது, ஆகவே விலக்கப்பட்டது என்பார்கள். அப்படியானால் 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள எண்ம முறையைப் பார்க்கட்டும். அங்கே இதற்கு இணையான எண் 123457. விடுபட்டது 6, அவர்கள் கணக்கில் சுக்கிரன்! ஆக, கிரகத்தின் மேல் குற்றமில்லை. கடைசி இலக்கத்துக்கு முந்தைய நாற்காலியின் ராசி அப்படி. ஓர் இலக்கம் குறைந்த எண் ஊனமான எண்தானே என்பது அடுத்த மறுப்பு. அந்த ‘ஊனம்’ எவ்வளவு ஒழுங்கானது என்று பாருங்கள். இரண்டால் பெருக்கினால் 24691358, ஏழைக் காணோம். நான்கால் பெருக்கினால் 49382716, ஐந்தைக் காணோம். எட்டால் பெருக்கினால் 98765432. எட்டு வந்துவிட்டது, ஒன்று போய்விட்டது. 5, 7 ஆகியவற்றுக்கும் இதே கதைதான். பெருக்கும் எண்ணையும் காணாமல்போனதையும் கூட்டினால் எப்போதும் 9. காரணம் எளிது. நம் எண்ணின் இலக்கக் கூட்டல் 37. ஒன்பதால் வகுத்தால் மீதி 1. எத்தனையால் பெருக்குகிறோமோ அத்தனை மீதி நிற்கும். 1 முதல் 9 வரை கூட்டினால் வரும் 45-இலோ மீதியே இல்லை. எனவே அந்த மீதியை ஒன்பதாக நிரப்பும் இலக்கம்தான் வெளியே நின்றாக வேண்டும். 3, 6 இரண்டும் இந்த விதிக்கு அடங்காமல் 37037037, 74074074 என்று தனி ஆவர்த்தனம் செய்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் எட்டை மீண்டும் பணியில் அமர்த்தியே தீரவேண்டும் என்போர், விளைவையும் ஏற்கவேண்டும். 12345679-ஐ ஒன்பதால் பெருக்கினால் 111111111. ஒன்பது ஒன்றுகள், ஒரு பிசிறு இல்லை. எட்டைச் சேர்த்து 123456789-ஐ அதே ஒன்பதால் பெருக்கினால் 1111111101. கடைசிக்கு முந்தைய இடத்தில் ஒரு பூஜ்யம்! காலியிடத்தை நிரப்ப முடியாது, இடம் மாற்றத்தான் முடியும்.