செங்கம் ரோட்டில் கூஸ்கூஸ்

ஏண்டா பேராண்டி, செங்கம் ரோட்டு மாடியில கடை போடப் போறியாமே? போர்டுல இன்னா எழுதப் போற, பெர்பர் லாம்ப் ஸ்டூ வித் கூஸ்கூஸா? வாய் நெறய இருக்குது பேரு. ரமணாசிரமத்துக்குக் கல்லெறி தூரத்துல ஆட்டுக்கறி கொதிக்க வைக்கப் போற, வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டியா? ரமண நகர்ல பாதிப் பேரு ‘சைவம் மட்டும்’னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சாவியவே கையில குடுக்கறாங்க. மொதல்ல அதப் பாரு, அப்புறமா அடுப்பப் பாரு.

வெள்ளக்காரங்க வர்றது கார்த்திகை தொட்டு மாசி வரைக்கும். அதுக்குள்ள அள்ளிடணும்னு உனக்கு அவசரம். யூடியூப்ல எவனோ ஒரு பாக்கெட்டப் பிரிச்சு வெந்நீர ஊத்தி மூடி வச்சு, அஞ்சே நிமிஷத்துல கூஸ்கூஸ் ரெடின்னான். நீயும் பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டிட்ட. மொராக்கோ மலைக்காரி ஒருத்தி அதப் பாத்தான்னா கரண்டிக் காம்பாலேயே உனக்குப் போடுவா.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு மொறைக்காத. உன் ஆயாவுக்குப் பெரியப்பா மகன் ஒருத்தரு புதுச்சேரியில சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தோட அல்ஜீரியா வரைக்கும் போய்ட்டு வந்து, சாகற மட்டும் அவங்க பென்ஷன்லயே மீசைய முறுக்கிக்கிட்டு இருந்தாரு. கல்யாணம், காதுகுத்து எங்க பாத்தாலும் ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் கூஸ்கூஸ் கதைதான். அந்த ஊரு சண்டையப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாரு. அந்த ஊரு சட்டியப் பத்தி விடிய விடியப் பேசுவாரு.

அவரு சொன்னபடி சொல்றேன், கேட்டுக்க. கெட்டிக் கோதுமைன்னு ஒரு சாதி கோதுமை. அதுல ஒடச்ச ரவையை அகலத் தாம்பாளத்துல பரப்பி, உப்புத் தண்ணியத் தெளிச்சு, மாவு தூவி, உள்ளங்கையால உருட்டி உருட்டிச் சலிப்பாங்க. வேலை எல்லாம் பொம்பளைங்க கையிலதான். ஆம்பளைங்க திங்கறதோட சரி. அந்த விஷயத்துல நம்மூருக்கும் அந்த ஊருக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அடியில ஆழமான சட்டியில குழம்பு கொதிக்கும். மேல ஓட்டை போட்ட சட்டி. ரெண்டும் சேர்ற எடத்துல மாவுல நனைச்ச துணியச் சுத்தி அடைச்சிடுவாங்க, ஆவி தப்பிப் போவாம. இருபது நிமிஷம் ஆவி ஏறினதும் எறக்கித் தாம்பாளத்துல கொட்டணும், கை சுடச் சுடக் கட்டிய ஒடைக்கணும், தண்ணி தெளிச்சு எண்ணெய் பெசிறி மறுபடியும் ஏத்தணும். அப்படி ரெண்டு தடவ, மூணு தடவ. உன் ஆயா கேவுரு புட்டுக்கு மாவு பெசிறுவாளே, புடிச்சா புடிபடணும், உதுத்தா உதிரணும்னு, அதே பக்குவந்தான். அவகிட்ட ஒரு நாள் கத்துக்கிட்டன்னா யூடியூப்புக்கு நெட் செலவு மிச்சம்.

கறி விஷயத்துக்கு வருவோம். நம்மாளுங்க வெள்ளாட்டுக்கு உசுர விடுவாங்க. செம்மறின்னா வாடைன்னு மூக்கப் பொத்துவாங்க. அதனாலதான் செம்மறிய வெள்ளாடுன்னு சொல்லித் தலையில கட்டுற ஆளும் இருக்கான். நீதான் மொத மொதல்ல கடையில போய், “அண்ணே, எனக்குச் செம்மறியே வேணும்”னு நிக்கப் போறவன். கடைக்காரரு கத்தியக் கீழ வச்சிட்டு உன்ன ஏற எறங்கப் பாப்பாரு. வெக்கப்படாம கேளு. அந்தக் குழம்புக்குச் செம்மறிதான் சரி. நம்ம வடக்கு மாவட்டத்துல மேயுற ‘சென்னை சிவப்பு’ செம்மறி கம்பளி மயிரு இல்லாத ஆடு, கறிக்குன்னே வளக்கறது. அதுல இளசா பாத்து, கழுத்தும் முன்சப்பையும் எலும்போட, கைப்புடி அளவுத் துண்டா வெட்டச் சொல்லு. நம்ம வறுவலுக்கு வெட்ற மாதிரி பொடிப் பொடியா வெட்டினா, ஆவி முடியறதுக்குள்ள கரைஞ்சு போயி எலும்புதான் மிஞ்சும்.

ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ வெங்காயம். எண்ணெயில இஞ்சி, மஞ்சள், மொளகு, சீரகம், தனியா, நல்லா ரெண்டு பட்டை. ஊற வச்ச கொண்டக்கடலை ஒரு கைப்புடி. கறி முக்கா வேக்காடு வெந்ததும் கேரட்டு, பூசணி, டர்னிப்பு. கடைசியா ஒரு குத்து காஞ்ச திராட்சை. ஆமாண்டா, கறிக் குழம்புல திராட்சைதான், மூஞ்சிய அப்படிச் சுளிக்காத. தேங்கா கிடையாது, கருவேப்பில கிடையாது, பச்ச மொளகாய எண்ணிப் போடு. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொறையாம சின்னத் தீயில வேகணும். குக்கர்ல ஆறு விசில் விட்டன்னா, ஆவிய எங்க புடிச்சு கூஸ்கூஸ வேக வைப்ப? விசில்லயா?

மசாலாப் பொட்டலம் வேற ஆன்லைன்ல மொராக்கோலேந்து வாங்கி வச்சிருக்க, பாத்தேன். மலையாளக் கரை மொளகும் இலங்கைப் பட்டையும் கப்பலேறி, ஒட்டகமேறி அங்க போயிச் சேர்ந்துச்சு. அதத் திருப்பிப் பத்து மடங்கு வெலைக்கு வாங்கித் திருவண்ணாமலைக்கே கொண்டாந்த பெரிய வியாபாரி நீ. அங்க மசாலாக் கடைக்காரரு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கலவை, இருபது சாமான் தாண்டுமாம். நம்ம மளிகைக் கடையிலயும் அதுல முக்காவாசி கெடைக்கும்.

நேரம் ஆவும், கஸ்டமர் காத்திருக்க மாட்டான்னு சொல்லுவ. அங்கதாண்டா எனக்குச் சிரிப்பு வருது. வர்றவங்க எதுக்கு வர்றாங்க? கண்ண மூடி அசையாம ஒக்கார வர்றாங்க. காலையில ஆசிரமத்து ஹால்ல ரெண்டு மணி நேரம் மரமா இருப்பாங்க. மத்தியானம் ஆர்டர் சொல்லிப் பத்து நிமிஷம் ஆச்சுன்னா வாட்ச்ச தட்டிப் பாப்பாங்க. அவங்க கும்புடற மகரிஷி 1896-ல இந்த ஊருக்கு வந்தவரு. ஆசிரமம் வளந்த காலத்துல விடியக் கருக்கல்ல எழுந்து சமையக்கட்டுல காய் நறுக்கி, சட்னி அரைச்சவரு. அம்மா அழகம்மாள் அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டப்ப ‘அப்பளப் பாட்டு’ன்னு ஒண்ணு கட்டி, உளுந்தையும் பிரண்டையையும் வேதாந்தமா ஆக்கிட்டாரு. அதனால உன் மெனு அட்டையில ‘ஒன்றரை மணி நேரம் ஆகும்’னு கொட்டை எழுத்துல போடு. பக்கத்துல தியானம்னு எழுது. அதுக்கும் தனியா காசு வாங்கலாம்.

போர்டுல ‘பெர்பர்’னு எழுதப் போறியே, அது ஊரார் வச்ச பேரு. அவங்க தங்கள அமாசிக்குன்னுதான் சொல்லிக்குவாங்க. வர்றவன் எவனாச்சும் அந்த ஊர்க்காரனா இருந்தா கோவிச்சுக்குவான், பாத்து எழுது. எந்த நாட்டுச் சமையல்னும் போடாத. 2020-ல அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மாரிடேனியா நாலும் சேந்து யுனெஸ்கோவுல கூஸ்கூஸப் பதிஞ்சாங்க. அடுத்த வருஷமே அல்ஜீரியா மொராக்கோவோட தூதர் உறவையே அறுத்துக்கிச்சு. அந்தப் பஞ்சாயத்து உன் மாடிக்கு வேணாம்.

பௌர்ணமி அன்னிக்குக் கறிய அடுப்புல ஏத்தாத. 14 கிலோமீட்டர் மலையச் சுத்தற ஜனம் உன் கடைக்குக் கீழதான் போவும். பட்டை வாசம் எறங்கினா எவனும் கேக்க மாட்டான். கொழுப்பு வாசம் எறங்கினா செருப்பு ஏறும்.

இன்னொரு சிக்கல் இருக்குது. அந்த ஊருல கூஸ்கூஸுக்கு வெள்ளிக்கெழம தான் விசேஷம், தொழுகை முடிஞ்சு குடும்பமே ஒரே தட்டச் சுத்தி ஒக்காரும். இங்க வெள்ளிக்கெழம கறின்னா உன் ஆயா வீட்டுக்குள்ளயே உட மாட்டா. அதனால வெள்ளிக்கெழம ஏழு காய் போட்டுச் சைவக் குழம்பு வை, அதுவும் அவங்க செய்யற வழிதான். ஓனரும் வந்து ஒரு தட்டு சாப்புட்டுப் போவாரு. செம்மறி ஞாயித்துக்கெழம, வேற எடத்துல, நம்ம கொல்லையில.

ஞாயித்துக்கெழம ஏழு மணிக்குக் கறிக்கடைக்குப் போனா கழுத்து கெடைக்காது, ஆறுக்கே நிக்கணும். நீ எங்க எழுந்திருக்கப் போற, நானே போறேன். காசு மட்டும் ராத்திரியே என் தலகாணிக்கடியில வச்சிடு. மீதிய மட்டும் கேக்காத.