முள்ளுக்குப் பட்டா

காட்டை வெட்டி வயலாக்கிய கதையைத்தான் உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமேசானில் மாட்டுப் பண்ணைக்காக வெட்டினார்கள், போர்னியோவில் பாமாயிலுக்காக வெட்டினார்கள் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்து பார்த்தால் கதை தலைகீழ். இங்கே ஆக்கிரமிப்பு செய்தது மரம். பட்டா நிலத்துக்குள் அதுவாக வந்தது, நின்றது, நிலத்துக்காரனைத் திருப்பூருக்கு அனுப்பிவைத்தது. நோட்டீஸ் ஒட்ட அதற்குக் கதவு கிடையாது. தாலுகா ஆபீசுக்கு வரச்சொன்னால் வராது.

குமாரலிங்கபுரம் என்று சொன்னால், பத்திரிகை படிக்கிறவர்கள் இப்போது "ஜவுளிப் பூங்கா வருகிற இடமா?" என்று கேட்கிறார்கள். 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த பி.எம். மித்ரா பூங்கா, 1,052 ஏக்கர். எனக்கு அந்தப் பெயரோடு சேர்ந்து வருவது கரிசலும் கண்மாய்க்கரையும், புரட்டாசியில் கீழ்வானத்தைப் பார்த்து நிற்கிற சனமும்தான். பருத்தி விளைந்த காலத்தில் பஞ்சை விற்க விருதுநகருக்கு வண்டி கட்டினோம். பருத்தி போடுகிற ஆள் குறைந்துபோன பிறகு ஜவுளி எங்களைத் தேடி வருகிறது. வரட்டும், நல்லதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இராமநாதபுரம் மாவட்டக்காரர்கள். 1985-இல்தான் மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் பங்குக்கு முதலில் காமராஜர் மாவட்டம் என்று பெயர். அன்றைக்குக் கருங்கண்ணிப் பருத்தி, ஊடே உளுந்து, பாசிப்பயறு. மேட்டில் கம்பு, சோளம். ஈரம் தங்குகிற பள்ளத்தில் குதிரைவாலி. மழை பிந்தினால் மல்லி. எங்கள் அய்யாவுக்குப் புஞ்சைக்குள் மரம் என்றால் ஆகாது. மத்தியானக் கஞ்சிக்கு உட்கார ஒரே ஒரு வேம்பை விட்டுவைத்திருந்தார். இன்னொன்று முளைத்தால், "நெழலு விழுந்தா கம்பு வெளிறிப் போகும்" என்று வேரோடு பிடுங்கிவிடுவார். அதே அய்யா, கலப்பைக்குக் கருவேலங்கட்டை தேவைப்படும்போது, ஊரில் ஒரு பயலும் மரம் வளர்க்கமாட்டேன் என்கிறானே என்று திண்ணையில் உட்கார்ந்து அங்கலாய்ப்பார்.

வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலத்துக்கு அன்று தனி மரியாதை. கிணற்றுத் தோட்டத்தைச் சுற்றி வேலியாக நிற்கும். ஓடையோரம் நாலு தூறு கிடக்கும், அவ்வளவுதான். விறகுக்குப் பெண்கள் விடியுமுன் அரிவாளோடு கிளம்பி ஊர் ஊராக நடந்த காலம் அது. எங்கள் அப்பத்தா வேலியில் ஒரு கொப்பு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். "எவடி எங்க முள்ளுல கை வச்சவ?" என்று தெருமுனையில் நின்று அவள் போட்ட சத்தத்தைச் சீமைக்கருவேல ஒழிப்புக் கூட்டங்களில் மேடையேறுகிறவர்கள் கேட்டிருக்க வேண்டும். ஏழை வீட்டு அடுப்பை அணையாமல் வைத்திருந்தது அந்த முள்ளு. இதைச் சொல்லாமல் அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அது எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. வெள்ளைக்காரன் விமானத்திலிருந்து தூவினான் என்பார்கள். பதிவில் இருப்பது ஒரு கடிதம். 1876-இல், சென்னை மாகாண வன அதிகாரி கர்னல் பெடோம், வறண்ட நிலத்தில் நடுவதற்கு இந்த இனத்து விதைகளைத் தருவித்துத் தரும்படி வருவாய்த் துறைக்கு எழுதினார். அடுத்த ஆண்டு கடப்பைப் பக்கம் முதல் நடவு நடந்தது. அது தாது வருஷப் பஞ்சக் காலம். மனிதர்களுக்குச் சோறு போய்ச் சேராத ஊர்களுக்கு, மத்திய, தென் அமெரிக்காவின் மரம் கப்பலேறி வந்துகொண்டிருந்தது.

அப்புறம் 1981. சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. மலைக்காட்டில் விறகு வெட்டுவதைக் குறைக்க வேண்டுமானால் ஊருக்குள்ளேயே விறகை வளர்க்க வேண்டும் என்பது அதன் கணக்கு. தப்பில்லாத கணக்கு. எங்கள் பக்கத்தில் ஊருக்குப் பொதுவான நிலம் கண்மாய்தானே? ஆகவே கண்மாயின் உள்வாயில் குழி வெட்டி, மேடு கட்டி, நாட்டுக்கருவேலங்கன்று நட்டார்கள். வளர்ந்ததும் ஏலம் விட்டு ஊராட்சிக்குப் பங்கு என்றார்கள். கன்று ஆள் உயரம் வரும்வரை ஆடு மாடு உள்ளே போகக்கூடாது என்றும் சொன்னார்கள். கோடையில் கண்மாய்க்குள் புல்லைத் தவிர எங்கள் ஆடுகளுக்கு வேறு நாதி கிடையாது.

காவலுக்கு ஒரு வாட்சர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், சுற்றிவளைத்தால் சொந்தம். காக்கிச்சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிசு. அய்யாவைக் கண்டால் குரல் இறங்கிவிடும்.

"மாமா, ஆட்டப் பத்திக்கிட்டு வெளிய போயிருங்க. ஆபீசர் வார நேரம்."

"ஏன் மருமகனே, எங்க தாத்தன் காலத்துலருந்து மேச்ச கம்மாயி."

"இப்ப இது காடு மாமா. நான் என்ன செய்யட்டும்?"

கூட நின்ற சித்தப்பா கேட்டார்: "அப்ப ஐப்பசியில தண்ணி பெருகுனா, அதுல புடிக்கிற கெளுத்தி ஒங்க இலாகாவா, மீனு இலாகாவா?"

சித்தப்பாவின் கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். கண்மாய்த் தண்ணீர் பொதுப்பணித் துறைக்கு, மரம் வனத்துறைக்கு, மீன் பாசி ஏலம் ஊருக்கு, மடைத் தண்ணீர் ஆயக்கட்டுக்காரனுக்கு. மரம் நெருங்கினால் தூர் எடுக்க முடியாது. வண்டல் அடிக்க வண்டி இறங்காது. கரிசல்காரனுக்குக் கண்மாய் வண்டல்தான் உரம். ஒரே குழிக்குள் காட்டையும் வயலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே அந்தப் பெரிய சட்டைக்காரரை நிறுத்திவிட்டார்கள்.

கண்மாய்க்குள் போகமுடியாத ஆடுகள் எங்கே போகும்? வேலியோரம் போயின. சீமைக்கருவையின் நெத்து இனிப்பு. ஆடு அதற்கு உயிரை விடும். புழுக்கையோடு விழுகிற விதை, ஆட்டின் வயிற்றில் பக்குவப்பட்டு வருவதால் சீக்கிரம் முளைக்கும். கோடையில் கீதாரிகளைக் கூப்பிட்டு, கூலியாகத் தானியமும் கொடுத்து, புஞ்சையில் கிடை போட வைப்போம். உரத்துக்குத்தான் கூலி, விதைப்பை அவர்கள் இலவசமாகச் செய்து தந்தார்கள்.

வருஷாவருஷம் உழுகிற வரைக்கும் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. முளைத்த குருத்து கொழுவில் அறுந்துபோகும். ஆனால் உழவு நின்றது. காய்ப்புழுவுக்கு மருந்தடித்தே பருத்திக்காரன் மிச்சமில்லாமல் போனான். பையன்கள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் போனார்கள். பெண்களை ஏற்றிப்போக நூல்மில் வேன் தெருவுக்கே வந்தது. இரண்டு வருஷம் கலப்பை படாத புஞ்சையில் முழங்கால் உயரத்துக்கு முள்ளு நின்றது. அடுத்த வருஷம் டிராக்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "டயருக்கு யாரு பதில் சொல்றது?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் ஜேசிபியைத் தவிர யாரும் உள்ளே நுழைய முடியாது. ஜேசிபி வாடகைக்கு அந்தப் புஞ்சையின் பல வருஷத்து உளுந்து ஈடாகாது.

அப்போதுதான் கரிக்காரர்கள் வந்தார்கள். மூணு நாலு வருஷத்துக்கு ஒருதரம் முள்ளை மொத்தமாகப் பேசி வாங்கி, வெட்டி, கட்டையைக் கூம்பாக அடுக்கி, மேலே இலைதழை போட்டு மண்ணால் மூடி, உள்ளே கங்கு வைப்பார்கள். கரிமூட்டம் சுடர்விட்டு எரியக்கூடாது. காற்று குறைந்து நாள்கணக்கில் கனல வேண்டும். புகையின் நிறத்தைப் பார்த்தே எந்தத் துளையை அடைக்கலாம், எதைத் திறக்கலாம் என்று மூட்டக்காரர் சொல்வார். இரவில் ஒருத்தர் காவல் இருந்தே ஆகவேண்டும். எங்காவது மண் சரிந்து காற்று புகுந்துவிட்டால் விடியும்போது சாம்பல்தான் மிஞ்சும். அந்தத் தொழில் நுட்பத்துக்குப் பட்டம் கொடுக்க ஒரு கல்லூரியும் இல்லை. வெட்டியவர்களுக்குக் கூலி, மூட்டக்காரருக்கு லாபம், நிலத்துக்காரருக்குக் குத்தகை. பருத்தி போட்ட காலமெல்லாம் கடனிலேயே கிடந்த சித்தப்பா, ஒன்றும் போடாமல் சும்மா இருக்கத் தொடங்கிய பிறகுதான் வங்கியில் வைப்புநிதி போட்டார். கேட்டால், "வெதை வாங்கல, உரம் வாங்கல, மழைக்குக் காத்துக்கெடக்கல. இதவிட நல்ல வெள்ளாமை எது?" என்பார்.

2017-இல் அந்த வெள்ளாமைக்குச் சோதனை வந்தது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டிப்பான உத்தரவு போட்டது. தண்டோரா போட்டார்கள், ஜேசிபிகள் வந்தன. கைப்பேசியில் வாட்ஸ்அப் வேறு. காற்றில் உள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், பக்கத்தில் கட்டிய மாடு மலடாகும் என்று தினம் ஒரு செய்தி. அந்த மரம் வேரை ஆழமாக விடும், தன் அடியில் மற்றதை வளரவிடாது என்பதுவரை சரி. எங்கள் ஊர் மாடுகள் தலைமுறை தலைமுறையாக அதன் நிழலில் நின்றுதான் கன்று போட்டன. ஏப்ரல் மாதம் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் அடிமரத்தோடு அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேரை எடுக்கவில்லை. அறுத்த தூறில் ஒன்றுக்கு ஏழெட்டாகக் கொப்பு வெடித்து, அடுத்த குத்தகைக்குச் சித்தப்பாவுக்குக் கூடுதலாகவே கிடைத்தது.

நீதிமன்றம் போனது நாம் மட்டுமல்ல. கென்யாவின் பாரிங்கோ பகுதியில், எண்பதுகளில் நல்லெண்ணத்தோடு நட்ட இதே மரத்தின் நெத்தைத் தின்று ஆடுகளுக்குப் பல் சொத்தையாகிப் போனது. இல்சாமுஸ் மக்கள் 2006-இல் அரசின் மேல் வழக்குப் போட்டு, பல் இல்லாத ஆடு ஒன்றைச் சாட்சிக்கு நைரோபிக்கே கூட்டிப் போனார்கள். நாம் அந்த அளவுக்கு ஆட்டை நம்பவில்லை, வக்கீல்களோடு நின்றுவிட்டோம்.

இப்போதைய நிலவரம் இன்னும் அழகு. தமிழ்நாட்டின் வன, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்கு மேல், பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை தெரிந்தால், நிலம் யாருடையது, மரம் என்ன சாதி என்று பார்க்காமல் காட்டுப் பரப்பில் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் சித்தப்பா ஒரு வனம் வளர்த்தவர். அடங்கலில் அதே இடம் தரிசு. வேளாண் துறைக்கு, முள்ளை அகற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டிய தரிசுத் தொகுப்பு. அந்தத் துறையே பசுமைப் போர்வைத் திட்டத்தில், உழவன் செயலியில் பதிந்தால், வயலில் நடத் தேக்கும் மகாகனியும் வேங்கையும் இலவசமாகத் தருகிறது. அய்யா இருந்திருந்தால் கன்றை வாங்கிக் கலப்பைக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்.

முள்ளுக்குள் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. மயில், புள்ளிமான், காட்டுப்பன்றி. முன்பு கம்பங்கதிருக்குக் குருவி விரட்டத் தகரத்தைத் தட்டினால் போதும். இன்றைக்குத் துணிந்து மக்காச்சோளம் போடுகிறவர்கள் வீட்டுப் பழைய சேலைகளை எல்லாம் நான்கு பக்கமும் கட்டி வேலி ஆக்குகிறார்கள். கார்த்திகை மாதம் சாலையில் போனால் ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம் என்று நினைக்கத் தோன்றும். பன்றிக்கு நிறம் பற்றி அக்கறை இல்லை. ஓரத்தில் நுழைந்து ஒரு ராத்திரியில் பாதிப் புஞ்சையை உழுதுவிடுகிறது. இந்தக் கரிசலில் மாடும் டிராக்டரும் இல்லாமல் உழுகிறவர் இப்போது அவர் மட்டும்தான்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. படித்ததும் ஊரில் பெரிய விவாதம். காப்புக்காடு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது, நமக்கு ஆபத்தில்லை, சுடலாம் என்றார் ஒருவர். அப்படியானால் பன்றி குடியிருக்கிற நம்ம முள்ளு எந்தக் கணக்கு என்று கேட்டார் இன்னொருவர். அந்தப் பழைய வாட்சர் ஓய்வுபெற்று, இப்போது இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக, துப்பாக்கியோடு எப்போது வருவார்கள் என்று கேட்டார்.

எங்கள் பங்கு நிலம் இன்னும் கூட்டுப் பட்டாதான். போன மாதம் தம்பி மதுரையில் இருக்கிற எனக்கு போன் செய்தான். கரிக்காரர் மறுபடி கேட்கிறாராம். வேளாண் ஆபீசிலிருந்து தேக்கங்கன்றுக்குப் பதியச் சொல்கிறார்களாம். பூங்கா வந்தால் நிலத்துக்கு விலை ஏறும், கையை வைக்காமல் அப்படியே போடுங்கள் என்று புரோக்கர் ஒருத்தர் சொன்னாராம்.

"நீ என்னடா நெனக்கிற?"

"மேக்குப் பாதிய கரிக்காரருக்கு விட்ருவோம்ணே. கெழக்குல தேக்கு. நடுவுல சித்தி பத்து சென்ட்ல உளுந்து போடணும்னு பிடிவாதமா நிக்குது."

"உளுந்துக்கு ஆளு?"

"அதான் ஒன்னையக் கூப்டேன். வீட்ல பழைய சேலை எத்தன இருக்கும்னு மதினிகிட்டக் கேட்டுச் சொல்லு."