ஷேடோவுக்கு என்ன ரேட்டு?

கடை திறந்துட்டியாமே பேராண்டி! பிளக்ஸ், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே எடத்துல. ரொம்பச் சந்தோசம். பஸ் ஸ்டாண்டுகிட்ட நீ அடிச்சுக் கட்டின முதல் பேனரையும் பாத்துட்டேன். உங்க அத்தை பேத்திக்குக் காதுகுத்து. அது காதுகுத்துன்னு தெரிஞ்சுக்கிடத்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. நாலு சிங்கம், ஒரு அருவி, மேகத்துக்கு நடுவுல ஒளிவட்டம், ரெண்டு ஓரத்துலயும் மயிலிறகு. கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்மாரு வரிசை கட்டி நிக்காக. பிள்ளை எங்கடான்னு தேடினா, ஒரு சிங்கத்தோட பிடரிக்குப் பக்கத்துல பொட்டு மாதிரித் தெரியுது. யாருக்குக் காது குத்தப் போறாகன்னு ஆசாரியே குழம்பிருவாரு.

குறை சொல்லலைப்பா. மேல வலது பக்கம் சாண் அகலத்துக்கு எடம் வெறும்னே கெடந்துச்சு. அங்கன ஒரு கழுகை விட்டிருக்கலாம்ங்கிறதுதான் என் வருத்தம்.

அந்த எழுத்தை மட்டும் ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். பேரு தங்கத்துல இருக்கு. தங்கத்துக்கு வெளியில வெள்ளைக் கோடு, வெள்ளைக்கு வெளியில செவப்புக் கோடு, செவப்பைச் சுத்தி மஞ்ச வெளிச்சம், இம்புட்டுக்கும் பின்னால கறுப்பு நெழலு. எண்ணெயில போட்ட அதிரசமாட்டம் ஒவ்வொரு எழுத்தும் உப்பிக்கிட்டு நிக்குது. கோடு தடிச்சதுல புள்ளியெல்லாம் உள்ளே போயிருச்சு. ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’னு நீ அடிச்சது, டீக்கடையில உக்காந்து பாத்த எனக்கு ‘வாழததும நெஞசஙகள’ன்னு தெரிஞ்சது. மூணு சுழி ‘ண’வும் ரெண்டு சுழி ‘ன’வும் சுழி அடைச்சுப்போயி ஒரே ஆளா ஆயிட்டாக. இங்கிலீசு எழுத்துக்கு இந்தக் கஷ்டம் கம்மி. தமிழு பாவம், தலையில ஒரு புள்ளியையும் வயித்துல நாலு சுழியையும் நம்பிப் பொழைக்கிற எழுத்து. அதுக்குப் போயி நீ மூணு சட்டை மாட்டி விட்டிருக்கே.

நான் அச்சாபீசுல கம்பாசிட்டரா எழுத்து அடுக்குற ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்ன காலத்துல எங்களுக்கு இந்த ரசனையெல்லாம் கெடையாது. ரசனை இல்லேங்கிறதை விட வசதி இல்லைன்னு சொல்லணும். ஈய எழுத்தை ஒண்ணொண்ணாப் பொறுக்கி அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, டிரெடில் மிசின்ல ஏத்துவோம். கல்யாணப் பத்திரிகைக்கு ரெண்டாவது கலர் வேணும்னு பார்ட்டி கேட்டா, முதல் கலரை ஓட்டி முடிச்சு, மண்ணெண்ணெய் போட்டு ரோலரைத் தொடைச்சு, புது மையைத் தடவி, அதே தாளை மறுபடியும் ஒவ்வொண்ணா உள்ளே குடுத்து எடுக்கணும். இடம் ஒரு மயிரிழை பெசகினா செவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். அதனால முதலாளி கணக்குச் சொன்ன ஒடனே பார்ட்டிக்கு ஞானம் பொறந்திரும். ‘பிள்ளையார் மட்டும் செவப்புல வரட்டும்ணே, மத்ததெல்லாம் ஒரே கலரா இருக்கட்டும்’பாரு. நாங்க எளிமையைக் கும்பிட்டவுக இல்லைப்பா. எங்களுக்கு எளிமையைச் சொல்லிக் குடுத்தது கூலி.

எழுத்துச் சீர்திருத்தமும் அப்படித்தான். ‘ணை’, ‘லை’, ‘னை’யெல்லாம் முன்னே யானைத் தும்பிக்கை வச்சுக்கிட்டுல்ல இருந்துச்சு. பெரியாரு 1930கள்லயே தன்னோட பத்திரிகையில அந்தத் தும்பிக்கையை வெட்டி அச்சடிக்க ஆரம்பிச்சாரு. எம்.ஜி.ஆர். ஆட்சியில 1978ல அரசாணையே வந்துருச்சு. அழகு போச்சுன்னு பொலம்பினவுக உண்டு. எழுத்துப் பெட்டிக்கு முன்னால நிக்கிறவனுக்குத்தானே தெரியும், பொறுக்க வேண்டிய எழுத்துல நாலு கொறைஞ்சா என்ன சொகம்னு.

அப்போ சுவர்ல எழுதுற ஆர்ட்டிஸ்டுங்க நெழலு போடலையான்னு கேப்பே. போட்டாக. உன்னை விட நல்லாப் போட்டாக. ஆனா ஒரு பக்கம்தான் போடுவாக. வெயிலு ஒரு பக்கத்துல இருந்துதானே வருது. எழுத்துக்கு எடது பக்கமும் கீழயும் நெழலு. முக்கியமா, எழுத்துக்கும் நெழலுக்கும் நடுவுல விரக்கடை கூட இல்லாத ஒரு சந்து விடுவாக. அந்தச் சந்துலதான் தொழிலே இருக்கு. அது இருக்கப்போயித்தான் எழுத்தோட ஓரம் கலங்காம நிக்கும், ஓடுற பஸ்ஸுல இருந்தும் படிக்க முடியும். நெழலு அங்கன அலங்காரத்துக்கு வரலை, வேலைக்கு வந்துச்சு. வெள்ளையடிச்ச சுவர்ல மழைக்கறை, காரை பேந்த எடம், பழைய விளம்பரத்தோட மிச்சம்னு எம்புட்டோ இருக்கும். அதுல இருந்து எழுத்தைப் பிரிச்சு நிறுத்த அது ஒரு வழி. நீ பளிச்சுனு மஞ்சத் துணியில கறுப்பு எழுத்துப் போட்டுட்டு அதுக்கும் நெழலு விடுறியே, அந்த நெழலுக்கு அங்கன என்ன சோலி?

எப்போ கெட்டுச்சுன்னு நான் சொல்றேன். 1998ல போட்டோஷாப் அஞ்சாவது பதிப்பு வந்துச்சு. அதுக்கு முந்தி நெழலு வேணும்னா எழுத்தைக் காப்பி எடுத்து, கறுப்பாக்கி, மங்க வச்சு, கொஞ்சம் தள்ளி அடியில வைக்கணும். மெனக்கெடணும். அஞ்சாவதுல டிராப் ஷேடோ, குளோ, பெவல் எம்பாஸ் எல்லாத்தையும் லேயர் எஃபெக்டுன்னு ஒரே பெட்டியில போட்டுட்டான். டிக் அடிச்சா முடிஞ்சுது. மெனக்கெடாமக் கெடைக்கிறதை மனுசன் எப்போப்பா அளவாத் தின்னுருக்கான்? ஓசியில வந்ததைப் பூராவும் எலையில வாங்கிக்கிட்டோம்.

நம்மூரு மட்டும்னு நெனைச்சு வெக்கப்படாதே. கிழவன் கையில போனைக் குடுத்துட்டு நீங்க எல்லாரும் தூங்கப் போயிருதிய, நான் வெடிய வெடிய இதைத்தான் பாக்கேன். கூகிள்காரன் மொதல்ல பேருக்குப் பின்னால ஆச்சரியக்குறியெல்லாம் போட்டு வச்சிருந்தான், யாஹூக்காரனைப் பாத்து. அடுத்து வந்த எழுத்துல நெழலு விழும், மேல பளபளப்பு. 2010ல நெழலைக் கொறைச்சான், 2013ல சுத்தமா எடுத்தான். ஆப்பிள்காரன் 1976ல போட்ட முதல் சின்னத்தை நீ பாக்கணும். மரத்தடியில நியூட்டன் உக்காந்து படிச்சிக்கிட்டு இருப்பாரு, தலைக்கு மேல ஆப்பிள், சுத்தி ரிப்பன், சட்டத்துல எழுத்து. நம்ம காதுகுத்து பேனருக்கு அண்ணன் மொறை. அடுத்த வருசமே அதைத் தூக்கிப் போட்டுட்டு, கடிச்ச ஆப்பிள் ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டான். அந்தக் கடி இருந்தாத்தான் அது ஆப்பிள், இல்லேன்னா செர்ரியோ என்னமோன்னு ஆயிரும். அந்தக் கடிக்கு ஒரு வேலை இருக்கு பாத்தியா?

இதைக் கேட்டுட்டு நாளைக்கே நீ வெள்ளைத் தாள்ல சாம்பக் கலர்ல எறும்பு எழுத்து அடிச்சு ‘தாத்தா, மினிமல்’னு கொண்டாந்து நீட்டிராதே. அந்தக் கூத்தையும் பாத்தாச்சு. பெங்களூர்ல வேலை பாக்கிற சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தா. தாளு அப்பளத்தை விட கனம். நடுவுல ரெண்டே ரெண்டு இங்கிலீசு எழுத்து. தேதி எங்கயோ ஓரத்துல, மூச்சு விட்டா அழிஞ்சிரும்ங்கிற மாதிரி. மண்டபம் எங்கன்னு பாத்தா ஒரு கட்டம் போட்டு, போன்ல ஸ்கேன் பண்ணிக்கோன்னு இருக்கு. முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு கேட்டு அவுக அப்பனுக்கு நான் போன் போட்டேன். அவனுக்கும் தெரியலை. இதுக்கு உன் சிங்கமே தேவலை, அது மணியை மறைச்சாலும் உறுமவாவது செய்யும்.

பெரிய எடத்துலயும் இந்தச் சறுக்கல் உண்டு. ஆப்பிள் போன்ல புத்தகத்துக்கு மர அலமாரி, வெளையாட்டுக்குப் பச்சைத் துணி மேசைன்னு படம் காட்டிக்கிட்டு இருந்தாக. 2013ல ஐஓஎஸ் ஏழு வந்தப்போ எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டாக. எடுத்த வேகத்துல பட்டனுக்கு இருந்த கட்டத்தையும் எடுத்துட்டாக. எது எழுத்து, எது அமுக்குறதுன்னு சனங்களுக்குத் தெரியலை. மறு வருசம் வேணும்ங்கிறவுகளுக்குப் பட்டன் வடிவத்தைக் காட்ட ஒரு வசதி போட்டுக் குடுத்தாக. லண்டன்லயும் அதே கதை. ஹாரி பெக்னு கரண்ட் வரைபடம் போடுற ஒருத்தரு, 1931ல பாதாள ரயில் மேப்பை நேர்கோடும் சாய்கோடுமா வரைஞ்சு குடுத்தாரு. ஊருக்கு ஊரு உண்மையான தூரம் எதுவும் அதுல கெடையாது. முதல்ல வேண்டாம்னுட்டாக, 1933ல அச்சடிச்சாக, சனம் கொத்திக்கிட்டுப் போயிருச்சு. அம்புட்டையும் எடுத்தவரு தேம்ஸ் ஆத்தை மட்டும் விட்டு வச்சிருந்தாரு. 2009ல வந்தவுக, இன்னும் சுத்தம் பண்றோம்னு ஆத்தையும் அழிச்சாக. ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தெரியாம ஊரே கத்தவும் திரும்ப ஆறு வந்து ஒக்காந்துருச்சு. எதைக் கழிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் அந்த மனுசன் கழிச்சிருக்காரு.

உனக்குக் கட்சிக்காரக கிராக்கிதானே அதிகம்? அதனால ஒண்ணு சொல்றேன், காதைக் குடு. 1951-52ல நம்ம நாட்டுல முதல் பொதுத்தேர்தல் நடந்துச்சு. படிக்கத் தெரியாத சனம்தான் ரொம்ப. அதுக்காகத்தான் சின்னம்னு ஒண்ணு வந்துச்சு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம். தேர்தல் கமிசன்ல எம்.எஸ்.சேத்தின்னு ஒரு வரைவாளர் இருந்தாரு. வாளி, சீப்பு, விளக்குமாறுன்னு வீட்டுல கெடக்கிற சாமானையெல்லாம் பென்சிலால கோட்டுப் படமா வரைஞ்சவரு. நெழலு கெடையாது, பளபளப்பு கெடையாது. கறுப்புக் கோடு, வெள்ளைத் தாளு. அது பிழைச்சதுக்குக் காரணம், எந்த ஊர்ல எந்த ஆளு எந்தச் சுவர்ல வரைஞ்சாலும் அது அதுவாவே இருக்கும். ரெண்டு மலை, நடுவுல அரை வட்டம், நாலு கதிரு, உதயசூரியன் ஆச்சு. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல்ல கட்சி தொடங்கி ஒரு வருசம் கூட ஆகாதவுக ரெட்டை இலையில நின்னாக. புதுச் சின்னம். ரெண்டு விரலைக் காட்டினாலே ஊருக்குப் புரிஞ்சுபோச்சு. செயிச்சாக.

இப்போ பாரு, நாப்பது அடிக்கு பிளக்ஸ். தலைவரு, தலைவரோட தலைவரு, மாவட்டம், ஒன்றியம், கிளை, கிளையோட மச்சினன், எல்லாத் தலைக்கும் பின்னால நெருப்பு. சின்னம் எங்கயோ ஒரு மூலையில தங்க முலாம் பூசிக்கிட்டுத் திணறுது. இம்புட்டையும் பாத்துட்டு உள்ளே போற மனுசன், மிசின்ல எதைப் பாத்து அமுக்குறான்? சேத்தி போட்ட மாதிரி கட்டை வெரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோட்டுப் படம். 2015க்கு அப்புறம் கூடவே ஸ்டாம்பு சைசுல வேட்பாளரு மூஞ்சி. உன் நெருப்பு பூத்துக்குள்ள வராதுல்ல.

நெறைய இருந்தாலே அலங்காரம்னும் நெனைச்சிராதே. நம்ம சிவகாசி தினசரி காலண்டர்த் தாளை எடுத்துப் பாரு. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம், ராசிபலன். எள்ளுப் போட்டா கீழ விழாது. ஆனா நடுவுல தேதி மட்டும் தேரு மாதிரி நிக்கும். லீவு நாளுன்னா செவப்பு. கண்ணாடி இல்லாமலே எனக்குத் தேதி தெரியும், கண்ணாடி போட்டா ராகு காலம் தெரியும். அதுல ஒரு வரி சும்மா நிக்கலை. மேல அட்டையில முருகனுக்குத் தங்க ரேக்கு ஒட்டியிருப்பான், ஒட்டட்டும், அவரு சாமி. தாளுக்குள்ள வந்து அவரு தேதியை மறைக்கலையே.

ஆனா பார்ட்டி கேட்க மாட்டான், எனக்குத் தெரியும். ‘என்ன தம்பி, வெறும்னு இருக்கு’ம்பான். சதுர அடிக்கு இம்புட்டுன்னு துட்டுக் குடுக்கிறவன், ஒரு அடி காலியா இருந்தா அந்த அடிக்கு ஏமாந்துட்டதா நெனைப்பான். அவன்கிட்டப் போயி அழகு, எளிமைன்னு பேசினா உன் கடைக்குப் பக்கத்துக் கடையில கழுகு ரெடியா இருக்கும். அதனால நான் சொல்ற மாதிரிச் செய். டிசைனை அடிச்சு எதுத்த பக்கத்து டீக்கடைச் சுவர்ல மாட்டு. அவனை இங்கிட்டு நிக்க வச்சு, யாருக்கு விசேசம், என்னைக்கு, எங்கனன்னு படிக்கச் சொல்லு. ரோட்டு நடுவுல ரெண்டு லாரி போகட்டும். படிச்சுட்டான்னா உன் டிசைன் பாஸு, அவன் கேட்டதைச் சேக்கலாம். படிக்கலைன்னா நீ ஒண்ணும் பேச வேண்டாம், டீக்கு மட்டும் நீ காசு குடுத்துரு.

அதுக்கும் மசியலைன்னா கடைக்குள்ள ஒரு ரேட் போர்டு மாட்டு. அச்சாபீசு முதலாளி தந்திரம்தான். ஷேடோவுக்கு நூறு ரூவா. குளோவுக்கு நூத்தம்பது. பெவலுக்கு எரநூறு. தலை ஒண்ணுக்கு அம்பது, கூலிங்கிளாஸ் போட்ட தலைக்கு எழுபத்தஞ்சு. சிங்கம் ஐநூறு, கழுகு அறுநூறு, ரெண்டும் சேத்து எடுத்தா ஆயிரம்னு ஒரு ஆஃபரும் போடு, யாவாரம்னு இருக்குல்ல. பாதிப்பேரு போர்டைப் பாத்துட்டு ‘பேரு பெருசாத் தெரிஞ்சாப் போதும் தம்பி’ன்னு தானாச் சொல்லுவான்.

மீதிப்பேரு அம்புட்டும் வேணும்னு கட்டு நோட்டை எடுத்து மேசையில வைப்பான். வாங்கிக்கோ. முழுசும் அட்வான்சா வாங்கிக்கோ. நெருப்பும் அருவியும் சேத்தே அடிச்சுக் குடு. கீழ மூலையில உன் கடைப் பேரும் செல் நம்பரும் போடுவே பாரு, அதை மட்டும் எடுத்துரு.