ஓய்வுக்குப் பின் ஊசி

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-இலிருந்து 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60. கருவூலக் கணக்கு எப்படியோ, பல வீட்டுச் சோபாக்களுக்கு இரண்டு வருடம் நிம்மதி.

ஓய்வு பெற்ற அம்மாவின் கையில் குரோஷா ஊசி ஏறியதும் முதலில் சட்டை போட்டுக்கொள்வது சோபாதான். பிறகு மிக்ஸி, ஃபிரிட்ஜ் கைப்பிடி, தண்ணீர்ப் பாட்டில். டிவி மட்டும் இளைத்துப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டதால் தப்பியது. அடுத்தது பேரனுக்கு ஸ்வெட்டர், அதுவும் சென்னையில், அக்னி நட்சத்திரத்தில்! முடிவதற்குள் பையன் இரண்டு அளவு வளர்ந்துவிடுவான்.

அப்பா ஊசியைத் தொடமாட்டார். கோப்பில் குறை கண்டே பென்ஷன் வாங்கியவர். பக்கத்தில் நாற்காலி போட்டு, “மூணாவது வரிசையில ஒண்ணு விட்டுப்போச்சே” என்பார்.

“அப்ப நீங்களே பின்னுங்க.”

உடனே அவருக்குப் பேப்பர் படிக்கும் வேலை வந்துவிடும்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து ஒயர் கூடைக்கு மறுபடி மதிப்பு. சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சு வகைகளும் உண்டு. அறுபதை நெருங்கும் பெரியோரே, கூடையே பின்னுங்கள். கத்தரிக்காயாவது வாங்கி வரலாம்.