ஆறு பேருக்கு அனுமதி இல்லை

எதிர்கால உலகத்தைப் பற்றி விவாதிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் முதன்முதலாக உலக மாநாடு கூட்டியபோது செய்த முதல் காரியம், சக ரசிகர்கள் ஆறு பேரை வாசலிலேயே தடுத்து நிறுத்தியது. 1939 ஜூலை 2, நியூயார்க், கேரவன் ஹால். அணுகுண்டு இன்னும் வெடிக்கவில்லை, நிலாவுக்கு ஆள் போகவில்லை. சங்கம் மட்டும் முந்திக்கொண்டு உடைந்துவிட்டது.

வம்பின் வேர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்கிடம் இருக்கிறது. 1926இல் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையைத் தொடங்கிய இந்த மனிதர், வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டார். ஊரில் தன்னைத் தவிர வேறு பைத்தியம் கிடையாது என்று நம்பியிருந்த பையன்களுக்கெல்லாம் அடுத்த தெருப் பைத்தியத்தின் விலாசம் கிடைத்தது. 1934இல் இவர்களைத் திரட்டி ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்று ஒரு சங்கமும் வைத்துக் கொடுத்தார். அவரிடம் ஒரே ஒரு குறை. செவ்வாய் கிரகத்தில் நூறு வருடம் கழித்து நடக்கப்போவது தெரியும்; கதை எழுதியவனுக்குப் போன மாதம் தரவேண்டிய காசு மட்டும் ஞாபகம் வராது.

டொனால்ட் வோல்ஹைம் என்ற இளைஞருக்கு ஒரு கதைக்குப் பத்து டாலர் பாக்கி. கேட்டார், வரவில்லை. தன்னைப் போலவே ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து, வக்கீலைப் பார்த்து, எல்லோருக்குமாக 75 டாலர் கறந்துவிட்டார். கெர்ன்ஸ்பேக் தரப்பு சும்மா இருக்குமா? 1935இல் மூன்று பேர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்: வோல்ஹைம், ஜான் மிஷல், வில் சைகோரா. மூன்றாவது பெயரை மறந்துவிடாதீர்கள், வாசலில் திரும்ப வருவார்.

நீக்கப்பட்டவர்கள் கைகோத்துத் திரிந்தார்கள். 1936 அக்டோபரில் நியூயார்க் கோஷ்டி ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போய், அங்கிருந்த ரசிகர்களோடு ஒரு வீட்டில் உட்கார்ந்து, ‘இது மாநாடு’ என்று அறிவித்துக்கொண்டது. எல்லாரையும் கூட்டினாலும் ஒரு வேன் நிறையாது. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர்கள் முறையாக முன்கூட்டியே அறிவித்து, தியசாஃபிகல் ஹாலில் கூடினார்கள், ஆர்தர் சி. கிளார்க் போயிருந்தார். உலகத்தின் முதல் மாநாடு எது என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு லீட்ஸுக்கு. நாலு பேர் சேர்ந்து பேசுவதெல்லாம் மாநாடு என்றால் டீக்கடைகளுக்குத்தான் முதல் மரியாதை தரவேண்டும்.

பிறகு வழக்கமானது நடந்தது. வோல்ஹைம் பக்கம் ‘ஃப்யூச்சரியன்ஸ்’ என்ற குழு, சைகோரா பக்கம் இன்னொன்று. ஃப்யூச்சரியன்களுக்கு இடதுசாரிச் சாய்வு. அறிவியல் புனைகதை ரசிகன் கம்யூனிஸத்துக்காக உழைக்க வேண்டும் என்று மிஷல் அறிக்கையே விட்டிருந்தார். மற்றவர்களுக்கோ ராக்கெட்டும் பச்சை நிற அரக்கனும் போதும். சைகோராவோடு சாம் மாஸ்கோவிட்ஸும் ஜேம்ஸ் டாராஸியும் சேர்ந்தார்கள். 1939இல் நியூயார்க்கில் ‘நாளைய உலகம்’ என்ற தலைப்பில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ‘உலக’த்தை உருவிக்கொண்டு இவர்களின் உலக அறிவியல் புனைகதை மாநாடு பிறந்தது. வந்தவர்கள் சுமார் இருநூறு பேர், கிட்டத்தட்ட அத்தனை பேரும் அமெரிக்கர்கள்.

வாசலில் மாஸ்கோவிட்ஸ். பத்தொன்பது வயது முடிந்து மூன்றாவது நாள். ஹாலுக்குள் ஒரு ரேடியேட்டருக்கு அடியில் மஞ்சள் துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்று அவர் கையில் சிக்கியது. ‘எச்சரிக்கை! அமைப்பாளர்கள் சர்வாதிகாரிகள், உஷார்’ என்பது அதன் சாரம். ஒழுங்காக நடந்துகொள்வதாக வாக்குக் கொடுத்தால் உள்ளே போகலாம் என்று ஃப்யூச்சரியன்களிடம் சொல்லப்பட்டது. சிலர் கொடுத்தார்கள். ஆறு பேர் மறுத்தார்கள்: வோல்ஹைம், மிஷல், ஃப்ரெடரிக் போல், ராபர்ட் லௌண்டஸ், ஜாக் கில்லெஸ்பி, சிரில் கோர்ன்ப்ளூத். கோர்ன்ப்ளூத்துக்கு அன்றைக்குப் பதினாறாவது பிறந்தநாள்.

பிரசுரத்தை அச்சிட்டது இந்த ஆறு பேரில் ஒருவருமில்லை. அது டேவ் கைலின் வேலை. அவர் உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். கட்டுக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பிடித்த அமைப்பாளர்கள், பிரசுரம் சொன்ன குற்றச்சாட்டைத் தாங்களே நிரூபித்தும் கொடுத்தார்கள். நாலு வருடத்துக்கு முன் வோல்ஹைமோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்ட சைகோரா இப்போது தள்ளுகிற பக்கம். இன்னொரு ஃப்யூச்சரியனான ஐசக் அசிமோவ், அதே பத்தொன்பது வயதுக்காரர், நேராக உள்ளே நடந்து போனார். யாரும் தடுக்கவில்லை.

உள்ளே நடந்ததுதான் நிலைத்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதனாக, மேலங்கியும் வீங்கிய கால்சட்டையுமாக வந்து இறங்கினார். எல்லோரும் அப்படித்தான் வருவார்கள் என்று நினைத்தாராம். அப்படி வந்தவர்கள் அவரும் மர்டில் டக்ளஸும் மட்டும். மாநாட்டின் சிறப்பு விருந்தினரான ஓவியர் ஃப்ராங்க் ஆர். பாலின் படங்களைப் பார்த்து இரண்டு உடைகளையும் வடிவமைத்தவர் மர்டில். தெருவில் சிறுவர்கள் ‘பக் ராஜர்ஸ்’ என்று கத்தினார்கள். மறு வருடம் சிகாகோவில் மாறுவேடக்காரர்கள் கூடிவிட்டார்கள். இன்று மாநாடுகளில் வாளும் இறக்கையுமாக அலைகிற கூட்டத்துக்கு மூதாதை இந்த ஜோடிதான். புகழ் அக்கர்மனுக்குப் போனது, ஊசி பிடித்தவரை ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது அநியாயம். அக்கர்மனிடம் பஸ் காசு கடன் வாங்கிக்கொண்டு வந்திருந்த பதினெட்டு வயதுப் பேப்பர்காரப் பையன் ஒருவனும் அங்கே இருந்தான். பெயர் ரே பிராட்பரி.

வெளியே நின்றவர்கள் என்ன ஆனார்கள்? வோல்ஹைம் 1971இல் தன் பெயரின் முதலெழுத்துகளையே வைத்து டிஏடபிள்யூ பதிப்பகம் தொடங்கினார். போலும் கோர்ன்ப்ளூத்தும் சேர்ந்து எழுதிய ‘தி ஸ்பேஸ் மர்ச்சன்ட்ஸ்’ 1953இல் புத்தகமாக வந்தது. போல் பல ஹ்யூகோ விருதுகள் வாங்கினார். ஆம், அதே ஹ்யூகோ, காசு தராத ஹ்யூகோ! கைல் பங்குதாரராக இருந்த நோம் பிரஸ் 1950இல் அசிமோவின் ‘ஐ, ரோபோ’வை வெளியிட்டது. மாஸ்கோவிட்ஸ் இந்தச் சண்டைகளையெல்லாம் ‘தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்’ என்று தடித்த சரித்திரமாகவே எழுதினார். மாநாடு முடிந்து இரண்டு மாதத்தில் ஐரோப்பாவில் ஒரு போர் மூண்டது. இவர்களுக்குக் கேரவன் ஹால் வாசல்தான் பெரிய போர்க்களம்.

தடுப்பது அமெரிக்க வியாதி மட்டுமில்லை. 1975இல் ஜப்பானில் ஒரு மங்கா மாநாட்டைக் குறை சொன்ன ரசிகருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கோபமடைந்த ‘மெய்க்யூ’ குழு அந்த டிசம்பரில் தனக்கென்று டோக்கியோவில் ஒரு சந்தை போட்டது. 32 குழுக்கள், சுமார் 700 பேர். அதன் பெயர் காமிகெட். 2019 டிசம்பரில் நான்கு நாளில் அங்கே வந்தவர்கள் சுமார் ஏழரை லட்சம்.