பசியாறியாச்சா: ஒரு வினாவின் இலக்கணம்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் பக்கம் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும் ஒரு சென்னைக் குடும்பத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன். முதல் நாள் காலை எட்டு மணிக்குள் மூவரையும் ஒரே கேள்வி ஐந்து முறை வந்து தொடும்: "பசியாறியாச்சா?" வீட்டுச் சித்தி கேட்பார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் அக்கா கேட்பார். பேப்பர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பார். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. எதிர்வீட்டுக்காரர் பெயரைத் தவறி வந்த கூரியர் உறையில் படித்துத் தெரிந்துகொண்ட குடும்பத்துக்கு இது சின்ன நிலநடுக்கம்தான்.

இலக்கணம் படித்தவர்கள் இதைச் சும்மா விடலாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார்: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. சென்னைக் குடும்பம் செய்யும் முதல் பிழை, பசியாறியாச்சாவை அறியா வினா என்று எண்ணுவது. ஏதோ தகவல் கேட்கிறார்கள் போலும் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இது கொடை வினா. கொடுப்பதற்கு ஆயத்தமாகிவிட்டவர் கேட்பது. அடுப்பில் கல் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது.

விடைகளையும் நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. அவற்றில் சிலவற்றை அப்பா மூன்று நாட்களில் பரிசோதித்தார். "இன்னும் இல்லீங்க" என்ற மறை விடைக்கு, வாழையிலையில் மடித்த நாசி லெமாக் வந்தது. பிரித்ததும் தேங்காய்ப்பால் சோற்றின் சூடு முகத்தில் அடித்தது. மேலே சம்பல், ஓரத்தில் நெத்திலி, பாதி முட்டை. "ஆச்சுங்க" என்ற நேர் விடைக்கு, "அப்ப கொஞ்சமா சாப்பிடுங்க" என்று அதே பொட்டலம். "வயிறு வலிக்கும்" என்று, இனி நேரப்போவதைச் சொல்லும் உறுவது கூறல் விடையையும் கொடுத்துப் பார்த்தார். சுக்குத் தண்ணியும் பிறகு பொட்டலமும் வந்தன. "நீங்க பசியாறியாச்சா?" என்று வினாவையே விடையாக்கியபோது, "வாங்க, சேர்ந்தே பசியாறுவோம்" என்று நாற்காலி இழுத்துப் போடப்பட்டது. இந்த நான்கு விடைக்கும் ஒரே விளைவு என்பதைப் பவணந்தியார் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் "சாப்பிட்டாச்சா" இல்லையா என்று குறுக்கே கேட்பார்கள். உண்டு, தாராளமாக உண்டு. ஆனால் சாப்பிடு என்பது தட்டைப் பார்க்கிற சொல், பசியாறு என்பது வயிற்றைப் பார்க்கிற சொல். மலேசியத் தமிழில் அது காலை உணவுக்கே பெயராகிவிட்டது.

கிளை ஆய்வு ஒன்று: தண்ணி. காலை பத்து மணிக்குச் சித்தி, "தம்பி, தண்ணி கலக்கட்டுமா?" என்றதும் அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா சுவரைப் பார்த்தார். அங்கே தண்ணி என்றால் தேநீர், கோப்பி, மைலோ எதுவாகவும் இருக்கலாம். பையனுக்கு மட்டும் குழப்பமே வரவில்லை. "மைலோ தண்ணி" என்றான்.

இந்த வினா வேரூன்றியதற்கான காரணத்தை ரப்பர் மரத்தடியில் தேடலாம் என்பது இவ்வாய்வின் துணிபு. மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் உருவானது. டான் சாய் யான் என்ற சீனர் 1896இல் அதைப் போட்டார். பிறகு பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு போய் மரம் சீவி, பால் பிடிக்க மங்கு வைக்க வேண்டும். சீவி முடித்ததற்கும் பால் எடுக்கக் கிளம்புவதற்கும் இடையில்தான் சோற்றுத் தூக்கைத் திறக்க நேரம். அந்த நேரத்தில் எதிர்ப்படும் ஆளிடம் வேறு எதைக் கேட்பது? இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து மக்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் சாமான்களோடு லாரியில் ஏறி வந்துவிட்டது.

தமிழர்க்கே உரியது என்று பட்டயம் எழுதிக்கொள்ளவும் முடியாது. மலாய்க்காரர் "சூடா மாக்கான்?" என்கிறார், ஹொக்கியன் சீனர் "சியாக் பா புவே?" என்கிறார், இரண்டும் அதே கேள்விதான். பல மக்கள் அக்கம்பக்கம் வாழும் ஊர் இது: மலாக்கா நகரில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலிலிருந்து நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில் எல்லாம் ஒரே வரிசையில் வந்துவிடும். காஜா பெராங் பக்கம் வாழும் மலாக்கா செட்டிகள் சிவனைக் கும்பிட்டு, வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். அங்கே விருந்தாளி மலாயில் விசாரிக்கப்படுவார்.

கடைசி நாள். பேருந்து நிலையத்துக்குப் போகும் வாடகைக் காரில் ஓட்டுநர் தமிழர். மரியாதை கற்றுக்கொண்ட பெருமிதத்தில் பையன் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "பசியாறியாச்சாண்ணே?"

"இன்னும் இல்ல தம்பி" என்றார் ஓட்டுநர், வெகு இயல்பாக. கேட்டது கொடை வினா. அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார், பிறகு பர்ஸில் மிச்சமிருந்த ரிங்கிட்டை. பேருந்துக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. நிலையத்துக்கு முந்தைய சந்தில் கார் ஓரமாக நின்றது; நான்கு ரொட்டி சானாய், நான்கு தண்ணி.