எல்லைக்கல்லும் ஆளும்

கேள்வி: தோட்டத்தை விற்றவர் சட்டப்படி கணக்கைத் தீர்த்துவிட்டார். இதற்கு மேலும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமா?
– வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: நியாயம்தான். சட்டம் எதைக் கணக்குப் பார்த்தது? 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க விதிகளின்படி, ஐந்து ஆண்டு கடந்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். அவ்வளவுதான். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பத்துக்கு அந்த விதிகளில் ஒரு செங்கல்கூட இல்லை.

உங்கள் பக்கத்துப் பெஸ்தாரி ஜெயாவையே பாருங்கள். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீடு கேட்டே இருபது ஆண்டுக்கு மேல் அலைந்தன. கேட்கத் தொடங்கியவர்களில் சிலர் இன்று இல்லை.

விற்பனை ஒப்பந்தத்தில் ஏக்கர், விலை, எல்லைக்கல் எல்லாம் வரும். கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குள் வாழும் ஆளுக்கு வேண்டாமா? ‘இத்தனை குடும்பம், இந்த இடத்தில் வீடு, இந்தத் தேதிக்குள்’ என்று அதே தாளில் எழுத எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நிலத் தரகரோ மதிப்பீட்டாளரோ வழக்கறிஞரோ இருந்தால், அடுத்த தோட்ட விற்பனையில் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.